'சோம்பேறிக் கண்': குழந்தையின் கண்ணை எத்தனை மணி நேரம் மூட வேண்டும்? ஆய்வுகள் சொல்வது என்ன?

பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம். இடது கண்ணை மூடிக்கொண்டு போர்டில் இருக்கும் எழுத்துகளைக் கடகடவென்று படிக்கிறாள் ஒரு சிறுமி. "இப்போ வலது கண்ணை மூடிக்கோம்மா" என்றதும் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறாள்.

"வீட்ல டிவி நல்லாதானே பார்க்கிறா... மொபைல்ல கேம் விளையாடுறா... இவளுக்கா பார்வைக் குறை?" என்று பெற்றோர் திகைக்கிறார்கள்.

டாக்டர் சொல்லும் பெயர் ஆம்பிளியோபியா. பேச்சுவழக்கில் 'சோம்பேறிக் கண்'. 100 பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை இந்தக் குறை இருக்கலாம் என்பது கண் மருத்துவர்களின் பொதுவான கணிப்பு. இதற்கான பழைய, பிரபலமான சிகிச்சை, நன்றாகத் தெரிகிற கண்ணை பேட்ச் ஒட்டி மூடுவது.

உடனே பெற்றோர் கேட்கும் கேள்வி: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் டாக்டர்?"

சாதாரணக் கேள்விதான். ஆனால், முறையாகச் சோதித்துப் பார்த்த ஒரு பதில் கிடைக்க மருத்துவ உலகத்துக்கு 250 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தப் பதில் என்ன, அது எப்படிக் கிடைத்தது என்று பார்க்கலாம்.

சோம்பேறிக் கண் என்றால் என்ன?

பெயரில் 'கண்' இருந்தாலும், பிரச்னை மூளையில் இருக்கிறது. பிறந்தது முதல் சில ஆண்டுகளில், இரண்டு கண்களிலிருந்தும் வரும் படங்களைச் சேர்த்துப் பார்க்க மூளை கற்றுக்கொள்கிறது. அந்தச் சமயத்தில் ஒரு கண்ணிலிருந்து மட்டும் மங்கலான படமே வந்துகொண்டிருந்தால், மூளை அதை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை மட்டும் நம்பத் தொடங்கிவிடும்.

இதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள்:

- இரு கண்களின் பவரிலும் பெரிய வித்தியாசம் இருப்பது
- மாறுகண்
- பிறவிக் கண்புரை, தொங்கும் இமை போன்று ஒளியை மறைக்கும் குறைகள்

இதில் முதல் வகைதான் ரொம்ப ஏமாற்றும். கண் பார்க்க அழகாக, நேராக இருக்கும். குழந்தையும் புகார் சொல்லாது. இரண்டு கண்ணாலும் ஒரே மாதிரி பார்த்த அனுபவம் இல்லாத குழந்தைக்கு, தனக்குக் குறை இருப்பதே தெரியாது.

மாறுகண்ணில் வேறு ஒரு சிக்கல். "மாறுகண் அதிர்ஷ்டம், அப்படியே விட்டுடுங்க" என்று சொல்லும் வீடுகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. அப்படி விடப்படும் ஒவ்வொரு ஆண்டும் அந்தக் கண்ணின் பார்வைக்கு நஷ்டம்தான்.

பூனைக்குட்டிகள் சொன்ன பாடம்

1960-களில் டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள், பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைச் சில மாதங்கள் தைத்து வைத்தார்கள். தையலைப் பிரித்தபோது கண்ணில் பெரிய கோளாறு இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் இருந்த செல்கள் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்வதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தன. வளர்ந்த பூனைகளில் இதே சோதனையைச் செய்தபோது அந்தப் பாதிப்பு வரவில்லை.

மூளை பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் உண்டு என்பதை இது காட்டியது. இருவருக்கும் 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. சோம்பேறிக் கண்ணுக்குச் சீக்கிரம் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று டாக்டர்கள் அவசரப்படுத்துவதன் பின்னணி இதுதான்.

யாரும் அளக்காத மருந்து

நல்ல கண்ணை மூடினால் மங்கிய கண் வேலை செய்யும் என்று பிரான்ஸின் இயற்கை அறிவியலாளர் புஃபோன் 1743-லேயே எழுதிவிட்டார். அதன்பிறகு உலகம் முழுக்க கண்ணை மூடினார்கள். சில டாக்டர்கள் ஒரு மணி நேரம் என்றார்கள். சிலர் விழித்திருக்கும் நேரம் முழுவதும் என்றார்கள். எது சரி என்று ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு இல்லை.

பாதிக்கப்பட்டது குழந்தைகள்தான். நன்றாகத் தெரியும் ஒரே கண்ணையும் மூடிக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பள்ளியில் உட்கார்வது எவ்வளவு கஷ்டம்? அழுகை, பேட்ச்சைப் பிய்த்துப் போடுவது, சக மாணவர்களின் கேலி, வீட்டில் தினமும் சண்டை. இவ்வளவும் தேவையா என்பதற்கே விடை இல்லாமல் இருந்தது.

1997-ல் அமெரிக்காவில், தேசியக் கண் நிறுவனத்தின் நிதியில் குழந்தைகள் கண் நோய் ஆய்வாளர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தனித்தனி மருத்துவமனைகளில் சிதறிக் கிடந்த குழந்தைகளை ஒரே ஆய்வில் சேர்த்து, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். டாக்டரின் விருப்பமோ பெற்றோரின் விருப்பமோ முடிவைச் சாய்க்காமல் இருக்கத்தான் இந்தக் குலுக்கல்.

முதலில் கண்ணாடி மட்டும் போதுமா?

பல குழந்தைகளுக்குப் போதும் என்பதே ஆச்சரியமான பதில். பவர் வித்தியாசத்தால் சோம்பேறிக் கண் வந்த, 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 84 குழந்தைகளுக்குச் சரியான கண்ணாடி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-ல் வெளியான முடிவின்படி, 77 சதவீதக் குழந்தைகளுக்குப் பார்வை இரண்டு வரியாவது முன்னேறியது. 27 சதவீதக் குழந்தைகளுக்குக் குறை முற்றிலும் சரியானது. பேட்ச் தேவைப்படவே இல்லை.

'வரி' என்பது, டாக்டர் அறையில் தொங்கும் எழுத்துப் பலகையின் ஒரு வரி. ஒரு வரி முன்னேறினால், அதைவிடச் சிறிய எழுத்தைப் படிக்க முடிகிறது என்று பொருள்.

2 மணி நேரமா, 6 மணி நேரமா?

2003-ல் வெளியான ஆய்வு இது. நடுத்தர அளவு குறை உள்ள 189 குழந்தைகள். பாதிப் பேருக்குத் தினமும் 2 மணி நேரம் பேட்ச், மீதிப் பேருக்கு 6 மணி நேரம். இரு தரப்பும் பேட்ச் போட்டிருக்கும்போது ஒரு மணி நேரமாவது வரைதல், படித்தல் போன்ற கிட்டப்பார்வை வேலை செய்ய வேண்டும்.

நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், இரண்டு பிரிவிலும் சராசரி முன்னேற்றம் ஒன்றேதான்: 2.4 வரி.

கடுமையான குறை உள்ள 175 குழந்தைகளிடம் 6 மணி நேரத்தையும் முழுநாள் பேட்ச்சையும் ஒப்பிட்டார்கள். அங்கேயும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் பிரிவில் 4.8 வரி, இரண்டாவதில் 4.7 வரி.

அப்போ 2 மணி நேரம் எல்லோருக்கும் போதுமா? இல்லை. 2 மணி நேர பேட்ச்சில் முன்னேற்றம் பாதியில் நின்றுபோன குழந்தைகளைப் பற்றி 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுக்கு நேரத்தை 6 மணியாகக் கூட்டியபோது மேலும் பலன் கிடைத்தது. குறைவாகத் தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டலாம் என்பதுதான் இதன் பாடம்.

எழுதியது 12, ஒட்டியது 6

பிரிட்டனில் நடந்த ஒரு ஆய்வு வேறு விதமாக யோசித்தது. பேட்ச்சிலேயே சின்ன எலக்ட்ரானிக் கருவியைப் பொருத்தி, குழந்தை உண்மையில் எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது என்று அளந்தார்கள். 2007-ல் வந்த முடிவு: 6 மணி நேரம் சொல்லப்பட்ட குழந்தைகள் சராசரியாக 4.2 மணி நேரம் ஒட்டினார்கள். 12 மணி நேரம் சொல்லப்பட்டவர்கள் ஒட்டியது 6.2 மணி நேரம்தான்.

"நாங்க மட்டும்தான் சரியா செய்யலையோ" என்று குற்றவுணர்ச்சியில் இருக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய எண்கள் இவை. எல்லா வீட்டிலும் இதே கதைதான். அதனால்தான், செய்ய முடிகிற அளவைச் சொல்வதும் ஒரு நல்ல சிகிச்சை.

பேட்ச்சே வேண்டாம் என்று அடம்பிடித்தால்?

மாற்று வழி, அட்ரோபின் சொட்டு மருந்து. இதை நல்ல கண்ணில் விட்டால் அந்தக் கண்ணின் கிட்டப்பார்வை தற்காலிகமாக மங்கும். மூளை வேறு வழியில்லாமல் மற்ற கண்ணைப் பயன்படுத்தும்.

419 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. ஆறு மாதத்தில் பேட்ச் பிரிவில் 3.16 வரி முன்னேற்றம், சொட்டு மருந்துப் பிரிவில் 2.84 வரி. பேட்ச் கொஞ்சம் வேகமாகப் பலன் தந்தது. கடைசியில் இரண்டும் ஏறக்குறைய சமம். தினமும் விடுவதற்குப் பதில் வார இறுதி இரண்டு நாட்கள் மட்டும் விட்டாலும் அதே பலன் கிடைப்பதை 2004-ல் வந்த ஆய்வு காட்டியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிட்டப்பார்வைக் குறை கூடாமல் இருக்கச் சில குழந்தைகளுக்கு 0.01 சதவீதம் போன்ற மிகக் குறைந்த அளவு அட்ரோபின் தருகிறார்கள். சோம்பேறிக் கண் ஆய்வில் பயன்பட்டது 1 சதவீத மருந்து. பெயர் ஒன்றுதான், வீரியம் வேறு. வெளிச்சத்தில் கண் கூசும், காய்ச்சல், முகம் சிவத்தல் போன்ற பக்கவிளைவுகளும் வரலாம். குழந்தை விழுங்கிவிட்டால் ஆபத்து. டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கி விடவே கூடாது.

ஏழு வயதைத் தாண்டிவிட்டால் அவ்வளவுதானா?

"லேட்டா வந்துட்டீங்க, இனிமே ஒண்ணும் செய்ய முடியாது." ஒரு காலத்தில் பல பெற்றோர் கேட்ட பதில் இது. 7 முதல் 17 வயது வரையிலான 507 பேரிடம் நடந்த ஆய்வு 2005-ல் இதை மாற்றியது.

7–12 வயதினரில் கண்ணாடியோடு பேட்ச், சொட்டு மருந்து சிகிச்சை பெற்ற 53 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் இது 25 சதவீதம்.

13–17 வயதினருக்கு மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதற்கு முன் சிகிச்சையே எடுக்காதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 47 சதவீதம் பேருக்குப் பலன். கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 20 சதவீதம்.

சீக்கிரம் வருவது நல்லது. தாமதமாக வந்தாலும் முயற்சி செய்யாமல் விடக் கூடாது.

பெரியவர்களுக்கு?

பெரியவர்களுக்கு இந்த அளவு உறுதியாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இன்னும் இல்லை. ஆனால் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஒரு கண் மங்கலாக இருப்பவர்கள் விபத்தாலோ நோயாலோ நல்ல கண்ணையும் இழக்கும் வாய்ப்பு, வாழ்நாளில் குறைந்தது 1.2 சதவீதம் என்று 2002-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு கணக்கிட்டது.

அதனால் பட்டாசு, வெல்டிங், கிரிக்கெட் பந்து என எதுவாக இருந்தாலும் நல்ல கண்ணுக்கு உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போடுவது அவசியம். பவர் தேவையில்லை என்றாலும் போடலாம்.

ஐபேட் கேம், விஆர் ஹெட்செட் உதவுமா?

ஒரு கண்ணை மூடாமல் இரண்டு கண்களையும் சேர்ந்து வேலை செய்ய வைக்கும் முயற்சிகள் இவை. 385 குழந்தைகளிடம் ஐபேட் கேமையும் 2 மணி நேர பேட்ச்சையும் ஒப்பிட்டார்கள். 16 வாரத்தில் கேம் பிரிவில் 1.05 வரி, பேட்ச் பிரிவில் 1.35 வரி முன்னேற்றம். சொன்ன நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் கேம் விளையாடியவர்கள் 22 சதவீதம்தான். மொபைல் கேம் என்றால் விடவே மாட்டார்கள் என்று நினைக்கிறோம். சிகிச்சை என்றானதும் கேமும் சலித்துவிடுகிறது!

விஆர் ஹெட்செட்டில் கார்ட்டூன், டிவி நிகழ்ச்சிகளை மாற்றியமைத்துக் காட்டும் ஒரு சிகிச்சைக்கு 2021-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 4 முதல் 7 வயது வரையிலான 105 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், 12 வாரத்தில் சராசரி முன்னேற்றம் 1.8 வரி. கண்ணாடி மட்டும் போட்டவர்களுக்கு 0.8 வரி. சாதாரண மொபைல் கேம் எதுவும் இதற்கு ஈடாகாது என்பதை மறக்க வேண்டாம்.

சரியானதும் நிறுத்திவிடலாமா?

திடீரென்று நிறுத்தக் கூடாது. சிகிச்சையை நிறுத்திய குழந்தைகளில் 24 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் குறை திரும்பியதை 2004-ல் வந்த ஆய்வு காட்டியது. 6–8 மணி நேர பேட்ச்சை ஒரேயடியாக நிறுத்தியவர்களில் இது 42 சதவீதம். முதலில் 2 மணி நேரமாகக் குறைத்து, பிறகு நிறுத்தியவர்களில் 14 சதவீதம்தான்.

பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

- 3 முதல் 5 வயதுக்குள் ஒருமுறையாவது, இரண்டு கண்களையும் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.
- ஒரு கண்ணை மூடினால் சும்மா இருந்து, இன்னொன்றை மூடினால் குழந்தை அழுகிறதா, கையைத் தட்டிவிடுகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் உடனே கண் டாக்டரிடம் போங்கள். சந்தேகம் இல்லாவிட்டாலும் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம்.
- மாறுகண், தலையைச் சாய்த்துப் பார்ப்பது, கண்மணியில் வெள்ளை தெரிவது ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.
- கொடுத்த கண்ணாடியைத் தினமும் போட வைக்க வேண்டும். சிகிச்சையின் முதல் படி அதுதான்.
- பேட்ச் நேரத்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கஷ்டமாக இருந்தால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அந்தப் பள்ளி முகாமுக்கு வருவோம். எழுத்துப் பலகை முன் நின்றுவிட்ட சிறுமிக்கு முதலில் தேவை சரியான கண்ணாடி. அது மட்டும் போதாவிட்டால், தினமும் இரண்டு மணி நேரம், ஒரு பேட்ச், ஒரு வண்ணப் பென்சில் பெட்டி, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வரைய ஒரு ஆள். இப்போதைக்கு இது போதும். ஆனால், நாளைக்கும் மறக்காமல் செய்ய வேண்டும்.

(இது பொதுவான தகவலுக்காக மட்டுமே. சிகிச்சை குறித்த முடிவுகளைக் கண் மருத்துவரிடம் ஆலோசித்து எடுக்கவும்.)