அத்தியாயம் 7: அரைச் சான்று, கால் சான்று

1762 மார்ச் 10. பிரான்சின் துலூஸ் நகரில், 63 வயதுத் துணி வியாபாரி ஜான் கலாஸின் கை கால்களை இரும்புத் தடியால் முறித்துச் சக்கரத்தில் கிடத்தினார்கள். இரண்டு மணி நேரம் துடிக்கவிட்ட பிறகே கழுத்தை நெரித்தார்கள். கடைசி மூச்சுவரை, தான் குற்றமற்றவன் என்றே அவர் சொன்னார்.

பெற்ற மகனைக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. முந்தைய அக்டோபர் 13 இரவு, விருந்தாளியை வழியனுப்பக் கீழே இறங்கியபோதுதான், கடைக்குள் மூத்த மகன் மார்க் அந்துவான் இறந்துகிடந்தது தெரிந்தது. சட்டம் படித்தவன். புராட்டஸ்டண்ட் குடும்பம் என்பதால், கத்தோலிக்கன் என்ற சான்றிதழ் கிடைக்காமல் வக்கீலாக முடியாதவன். தற்கொலை என்றால் பிணத்தைக் குப்புறப் போட்டுத் தெருவில் இழுத்துப் போவார்கள். அதற்கு அஞ்சி, யாரோ கொன்றுவிட்டதாகக் குடும்பம் முதலில் சொன்னது. பிறகு, தூக்கில் தொங்கினான் என்று மாற்றிச் சொன்னது. அதுவே வினையாயிற்று. மதம் மாறவிருந்த மகனைத் தகப்பனே கொன்றுவிட்டான் என்று கூட்டத்தில் எவனோ கத்தினான், ஊர் நம்பிவிட்டது.

கண்ணால் கண்ட சாட்சி ஒருவர்கூட இல்லை. ஏற்கெனவே கத்தோலிக்கனாகிவிட்ட இன்னொரு மகன் உயிரோடுதான் இருந்தான்! அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வதந்திகளை அரைச் சான்று, கால் சான்று எனக் கூட்டி முழுச் சான்றாக்கினார்கள். சக்கரத்தைவிடக் கொடியது இந்தக் கணக்குதான் என்பேன். 13 நீதிபதிகளில் 8 பேர் மரணம் என்றனர், முடிந்தது. குற்றம் நிரூபணமாகும்வரை எவரும் நிரபராதியே என்று பிரான்ஸ் எழுதிவைக்க இன்னும் 27 ஆண்டுகள் இருந்தன.

செய்தி ஜெனீவா பக்கம் வந்தபோது, எழுத்தாளர் வால்டேரும் முதலில் கலாஸைக் குற்றவாளி என்றே எண்ணினார். ஆனால் கேட்கக் கேட்கச் சந்தேகம் வலுத்தது. ஜெனீவாவுக்குத் தப்பி வந்திருந்த இளைய மகன் தொனாவை அழைத்தார். உன் பெற்றோர் முரட்டுக் குணமுள்ளவர்களா என்று விசாரித்தார். பிள்ளைகளில் ஒருவரைக்கூட அவர்கள் அடித்ததில்லை என்றான் அவன்.

67 வயதில் வால்டேர் களத்தில் இறங்கினார். கலாஸுக்கு இரக்கம் காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. விசாரணை ஏடுகளைக் காட்டுங்கள் என்றார். துலூஸ் நீதிமன்றமோ தீர்ப்புக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டதில்லை. ஏடுகளை வரவழைக்க மன்னரின் அவை ஆணையிட வேண்டும்.

இரு மகள்களையும் பிடித்துக் கன்னியர் மடங்களில் அடைத்திருந்தார்கள். அந்த நிலையில், நீதி கேட்டுப் பாரிசுக்குப் போனார் கலாஸின் மனைவி. மன்னரின் அவை அவர் குரலுக்குச் செவிசாய்த்ததா?

அடுத்த வாரம் பார்ப்போம்.