ஒட்டிக்கொண்ட 'ஜி'

2003. வேலைக்குச் சேர்ந்த புதிது. டெபியன் மெஷினில் ஒரு நிரலை கம்பைல் பண்ணினால், 'இஸட்லிப்.எச்' என்கிற ஹெடர் காணோம் என்று நின்றுவிட்டது. பக்கத்து சீட் சீனியர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இஸட்லிப்1ஜி-டெவ் போடுப்பா" என்றார். 1 என்பது லைப்ரரியின் பதிப்பு எண், புரிந்தது. "அந்த ஜி எதுக்குங்க?" என்று கேட்டேன். "அது அப்படித்தான் இருக்கும். போட்டுட்டு வேலையப் பாரு."

பல வருஷம் கழித்து, பழைய டெபியன் ஆவணங்களை மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் விடை கிடைத்தது. ஜி என்றால் ஜிலிப்சி.

லினக்ஸில் அநேகமாக எல்லா நிரலும் சி லைப்ரரியின் மேல்தான் நிற்கும். 1997-ல் வந்த டெபியன் 1.3 வரை அது லிப்சி5. அடுத்த பதிப்பில் க்னூ திட்டத்தின் ஜிலிப்சி 2-க்கு, அதாவது லிப்சி6-க்கு, மாற முடிவு செய்தார்கள். ரெட் ஹாட் 1997 டிசம்பரிலேயே 5.0 பதிப்பில் மாறிவிட்டது. டெபியன் 2.0 வந்தது 1998 ஜூலையில்.

சிக்கல் எங்கே? உங்கள் நிரல் லிப்சி6-ஐக் கேட்கிறது. அது பயன்படுத்தும் இஸட்லிப்போ லிப்சி5-ஐக் கேட்கிறது. ஒரே பிராசஸுக்குள் இரண்டு சி லைப்ரரி! ஒன்று திறந்த கோப்பில் இன்னொன்று எழுதப் போகும். இரண்டின் ஸ்ட்ரக்சர் அமைப்பும் வேறு வேறு. முன்கூட்டியே யாரும் தடுக்கமாட்டார்கள், ஓடும்போது பொத்தென்று விழும். இத்தனைக்கும் இஸட்லிப்பில் எதுவும் மாறவில்லை, பதிப்பு எண் அதே 1. எண்ணை வைத்துப் பிரிக்க முடியாததால் பேக்கேஜ் பெயரில் ஒரு 'ஜி' சேர்த்தார்கள். பழைய லைப்ரரிகள் 'லிப்சி5-கம்பாட்' என்ற தனி அடைவுக்குப் போயின. மூலநிரல் கிடைக்காத பழைய நிரல்களும் அதனால் பிழைத்தன. ஒரே நாளில் எல்லாரும் மாறுங்கள் என்று சொல்லாமல் இரண்டையும் சேர்த்து வாழவிட்டதுதான் சரியான முடிவு என்பது என் கட்சி.

ஆனால் ஹெடர்களை அப்படி வாழவிட முடியாது. ஓடும் லைப்ரரிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம்; யூஎஸ்ஆர் இன்க்ளூட் அடைவில் 'எஸ்டிடிஐஓ.எச்' ஒன்றுதான் இருக்க முடியும். ஒரு பதிப்பின் ஹெடரைப் படித்துவிட்டு இன்னொரு பதிப்போடு இணைத்தால் அதே விபத்துதான். அதனால் லிப்சி6 ஹெடர்கள் அந்த இடத்தைப் பிடித்தன. லிப்சி5-இன் ஹெடர்கள் 'ஆல்ட்டெவ்' என்ற பெயரில் வேறு அடைவுக்குத் தள்ளப்பட்டன.

லிப்சி5 போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. 'ஜி' மட்டும் போகவில்லை. பெயரை மாற்றினால் அதை நம்பியிருக்கும் அத்தனை பேக்கேஜையும் தொட வேண்டுமே, யார் செய்வது?

2024-ல் இதே வித்தையை டெபியன் மறுபடி செய்தது. 32-பிட் மெஷின்களில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038 ஜனவரியில் நிரம்பிவிடும் என்பதால் அதை 64-பிட் ஆக்கினார்கள். ஸ்ட்ரக்சர்களின் அளவு மாறியது, லைப்ரரிகளின் எண் மாறவில்லை. 'லிப்எஸ்எஸ்எல்3' என்பது 'லிப்எஸ்எஸ்எல்3டி64' ஆனது. என் லேப்டாப் 64-பிட். அதில் இந்தப் பிரச்சினையே கிடையாது. பெயரில் மட்டும் 'டி64' வந்து உட்கார்ந்திருக்கிறது, இஸட்லிப்1ஜி-க்குப் பக்கத்திலேயே.