நெல்லுக்குச் சம்பந்தம் பேசிய கதை

பெண்ணும் பிள்ளையும் பார்க்கிறவர்கள் குலம், நிலம், நிறம் எல்லாம் விசாரிப்பார்கள். பிறக்கப் போகும் பேரனைப் பற்றி யோசிப்பவர் குறைவு. நெல்லுக்குச் சம்பந்தம் பேசுகிறவர்கள் பேரன், கொள்ளுப்பேரனிலிருந்துதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். காவிரிக் கரையில் குறுவையின் போக்கை மாற்றிய ஏ.டி.டி. 27 அப்படிப் பிறந்த நெல்தான்.

ஒரு பக்கத்து உறவு நம்முடையது. 1912-ல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. அங்கே பார்னெல் என்ற ஆங்கிலேய அதிகாரியின் காலத்தில், கோணாமணி நெற்பயிருக்கிடையே ஜாடை மாறிய பயிர் ஒன்று தானாகவே தோன்றியது. அதன் சந்ததி 1921-ல் ஜி.இ.பி. 24 என்ற பெயரோடு வெளியே வந்தது. ஜி.இ.பி. என்பது அந்த அதிகாரி வகித்த பதவியின் முதலெழுத்துக்கள். குடியானவர்களுக்கு அது நாக்கில் புரளவில்லை. கிச்சிலிச் சம்பா என்றார்கள். சன்ன அரிசி, சாதம் பொலபொலவென்று இருக்கும். ஆனால் ஐந்து மாதப் பயிர். உரத்தை அள்ளிப் போட்டால் உயர்ந்து வளர்ந்து, காற்றடித்ததும் படுத்துவிடும்.

ஜப்பான் நெல்லின் சமாசாரம் வேறு. உரத்தைத் தின்று மணியாக்கித் தரும், தாளும் உறுதி. ஆனால் சோறு குழைந்து ஒட்டிக்கொள்ளும். அதை நம் இலையில் பரிமாறினால் ரசம் வரும் வரை யார் பொறுத்திருப்பார்கள்?

வங்காளப் பஞ்சத்தின் நினைவு ஆறாத காலம் அது. கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தை 1946-ல் தொடங்கி நடத்திய கே. ராமையா, கோயம்புத்தூரில் நெல்லோடு பழகியவர். இரண்டு இனங்களையும் கலப்பது என்ற அவர் யோசனையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. 1950-களில் கட்டாக்கில் கலப்பு வேலை நடந்தது. ஜி.இ.பி. 24-க்கு வாய்த்த ஜோடி நோரின் 10. (நோரின் என்றால் ஜப்பானிய மொழியில் விவசாயமும் வனமும், அந்த இலாகா கொடுத்த நம்பர். இதே பெயரில் உலகப் புகழ் பெற்ற கோதுமையும் உண்டு, அது வேறு.)

வேலை என்னவோ தையற்காரன் வேலை மாதிரிதான். நெல்லின் பூ காலையில் சிறிது நேரமே திறக்கும். அதற்குள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டுவிடும். ஆகவே முன்னதாகவே உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு கேசரங்களையும் ஊசி முனையால் எடுத்துவிட்டு, மற்ற நெல்லின் மகரந்தத்தைத் தூவி, உறை போட்டு மூட வேண்டும். இத்தனை பாடுபட்டும் தூரத்து இனங்கள் ஆனபடியால் முதல் தலைமுறைக் கதிரில் பதர்தான் அதிகம். அடுத்த தலைமுறையிலோ ஒன்று போல் ஒன்று இருக்காது. நெட்டை, குட்டை, முந்தியது, பிந்தியது என்று வயல் முழுக்கக் கலவரம். அதில் வேண்டாதவற்றை வருஷா வருஷம் கழித்துக்கொண்டே போக வேண்டும்.

கழிக்கிற பொறுமையைக் காட்டியது ஆடுதுறைப் பண்ணை. 1922-ல் ஏற்பட்டது அது. மேட்டூரில் ஜூனில் தண்ணீர் விட்டால், ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதற்குள் குறுவை வீடு வந்து சேர வேண்டும்; தாளடிக்கும் நிலம் ஒழிய வேண்டும். ஐந்து மாதச் சம்பா வம்சத்தில் பிறந்து 105 நாளில் முற்றும் பிள்ளையை அங்கே பொறுக்கினார்கள். 1965-ல் வெளியான ஏ.டி.டி. 27 சீக்கிரமே குறுவை வயல்களில் பரவிவிட்டது.

தாளின் உறுதியையும் நாட்களையும் பொறுக்க முடிந்தது. விளைந்ததில் யாருக்கு எத்தனை மரக்கால் என்பது பண்ணையில் பொறுக்கக்கூடிய குணமா? உரம் வாங்கக் கையில் காசு வேண்டும். காசு நிலக்காரரிடம் இருந்தது. கண்டுமுதல் கூடினால் கூலியும் கூட வேண்டாமா என்று கேள்வி எழுந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். அந்த ஜில்லாவின் நெல் சரித்திரத்தை எழுதுகிறவன் இந்த வரியைத் தாண்டிப் போக முடியாது.

பிறகு பிலிப்பைன்ஸ் ரகங்கள் வந்தன. 1969-ன் ஐ.ஆர். 20-க்குப் பெற்றோரில் ஒன்று நம் டி.கே.எம். 6, அதைப் பெற்றதில் ஒன்று அதே ஜி.இ.பி. 24. காவிரியின் பெயரையே தாங்கிய பொன்னியோ, அந்தக் கலப்புத் திட்டத்தில் தைவான் நெல்லுக்கும் மலேயா நெல்லுக்கும் பிறந்து, மலேசியாவில் மசூரியாகி, இங்கே வந்து சேர்ந்தது. கிச்சிலிச் சம்பாவை இன்று பாரம்பரிய அரிசி என்று பையில் அச்சடித்து விற்கிறார்கள். பார்னெல் துரையின் பெயர் அதில் இல்லை.