காத்திருந்த மாணவரும் மாறிய அளவுகோலும்
(இலங்கைப் பல்கலைக்கழக அனுமதி வரலாற்றில் ஒரு பகுதி)

பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றை நிறுவிய சட்டங்களையும், எழுப்பிய கட்டடங்களையும், வழிநடத்திய உபவேந்தர்களையும் பற்றி விரிவாகக் கூறுவர். வாயிலுக்கு வெளியே காத்து நின்ற மாணாக்கரைப் பற்றி அவர்கள் கூறுவது அரிது. ஆயினும், உள்ளே சென்றோரின் வரலாறு மாத்திரம் உயர்கல்வியின் வரலாறாகிவிடாது. பெரும்பாலான ஆண்டுகளில் உள்ளே சென்றோரினும் வெளியே நின்றோரே பலராவர். அவர்கள் எதனை எதிர்நோக்கியிருந்தனர், எவ்வளவுகோலால் அளக்கப்பட்டனர், வந்த தீர்ப்பினை எவ்வாறு ஏற்றனர் என்பவற்றை இலங்கையின் வரலாற்றில் வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. தீர்ப்புக் கடுமையாயிருந்த காலங்களில் மாணவர் வருந்தினர். ஆயின், பரீட்சை எழுதிய பின்னர் அளவுகோல் அசைந்த காலங்களிலேயே அவர்தம் உள்ளம் கொதித்தது என்பதே அவ்வுண்மையாகும்.

இலங்கையிற் பல்கலைக்கழகம் தோன்றுதற்கு முன்னர்த் தீர்ப்புக் கடல் கடந்தே வந்தது. 1823ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர் என்பது யாழ்ப்பாணத்தார் இன்றும் பெருமையுடன் நினைவுகூருஞ் செய்தியாகும். அதன் பின்னர்க் கல்கத்தா, கேம்பிரிச்சு, இலண்டன் ஆகிய பல்கலைக்கழகங்களின் பரீட்சைகளுக்கு இந்நாட்டு மாணவர் தோற்றலாயினர். கேம்பிரிச்சுக்கும் இலண்டனுக்கும் விடைத்தாள்கள் கப்பலேறிச் சென்றன. பெறுபேறுகள் பல கிழமைகள் கழிந்தே திரும்பி வந்தன. இங்கிலாந்திற் சென்று கற்பதற்கு அரசினர் வழங்கிய புலமைப்பரிசிலோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்கே கிட்டியது. 1870ஆம் ஆண்டில் அதனைப் பெற்றுக் கேம்பிரிச்சு சென்றவர் பொன்னம்பலம் அருணாசலம். மிகக் குறுகிய அவ்வாயிலூடாக நுழைந்த அவரே, அவ்வாயில் பலருக்குந் திறக்கப்படல் வேண்டும் என்று பிற்காலத்திற் குரலெழுப்பினார் என்பது சிந்திக்கற்பாலது. 1906ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகம் வேண்டித் தோன்றிய சங்கத்திற்கு அவரே தலைமை தாங்கினார்.

அம்முயற்சியின் பயனாக 1921ஆம் ஆண்டிற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அது தானே பட்டம் வழங்கும் உரிமையின்றி, இலண்டன் பட்டப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. தனிப் பல்கலைக்கழகம் எவ்விடத்தில் அமைதல் வேண்டும் என்ற வாதம் பல்லாண்டுகளை விழுங்கிற்று. ஈற்றில், 1942ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி, பல்கலைக்கழகக் கல்லூரியும் வைத்தியக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகமாயின. சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதல் உபவேந்தராயினார். அவ்வாண்டில் அங்குக் கற்றோர் தொகை 904 மாத்திரமே. 1952ஆம் ஆண்டிற் பேராதனைக்குப் பல்கலைக்கழகம் பெயரத் தொடங்கிய காலை, அது மாணவர் தங்கிக் கற்கும் விடுதிப் பல்கலைக்கழகமாகவே திட்டமிடப்பட்டிருந்தது. ஆகவே, எத்தனை பேரை எடுத்தல் கூடும் என்னும் வினாவிற்கு விடுதிகளில் எத்தனை கட்டில்கள் உள என்பதும் ஒரு விடையாயிற்று.

அக்காலத்துப் பிரவேசப் பரீட்சையைப் பல்கலைக்கழகமே நடத்திற்று. விஞ்ஞான மாணவர் எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சைக்கும் தோற்றினர். யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவனுக்கு அதன் பொருட்டு மேற்கொள்ளும் இரவுப் புகைவண்டிப் பயணமே பெரும் நிகழ்ச்சியாயிருந்தது. பின்னர்த் தொடங்கிற்று காத்திருத்தல். தபாற்காரன் வருகையை வீட்டார் அனைவரும் எதிர்பார்த்தனர். பெறுபேறு வந்த அன்று பத்திரிகைப் பிரதி ஒன்று கைக்குக் கை மாறிற்று. தெரிவுபெற்ற மாணவனை ஊரே கொண்டாடிற்று. தெரிவுபெறாதவன் சில நாட்கள் வாசிகசாலைப் பக்கம் தலைகாட்டாதிருந்தான். ஆயினும், எத்தராதரத்தை எட்டுதல் வேண்டும் என்பதை அவனும் அவன் ஆசிரியரும் முன்னரே அறிந்திருந்தனர். தோல்வி துன்பந் தந்ததேயன்றி, ஐயத்தைத் தரவில்லை.

அத்தகையோருக்கு வேறொரு வழியுந் திறந்திருந்தது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டு முதலாகத் தன் வகுப்புக்களுக்கு வாராதோரும் பட்டப் பரீட்சைக்குத் தோற்றலாம் என விதித்திருந்தது. பகலில் எழுதுவினைஞராகவோ ஆசிரியராகவோ கடமையாற்றி, இரவில் விளக்கின் முன் இருந்து கற்று, வெளிவாரிப் பட்டம் பெற்றோர் பலர். 1960களில் இலங்கைப் பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பரீட்சைகளை நடத்தலாயிற்று. வடக்கிலும் தெற்கிலும் பாடசாலைகளைத் தாங்கி நின்ற பட்டதாரி ஆசிரியருட் கணிசமானோர் இவ்வழி வந்தவர்களே. பல்கலைக்கழக வாயிலில் நிறுத்தப்பெற்றவர்கள், அவ்வாயிலூடாகப் பின்னோர் செல்லுதற்கு அவர்களை ஆயத்தஞ் செய்தனர் என்பது இவ்வரலாற்றின் சிறப்புமிக்க பகுதியாகும்.

இனி, போட்டி கடுமையாயினமைக்குக் காரணங்களை நோக்குதல் வேண்டும். 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, அதுகாறும் கட்டணஞ் செலுத்த இயலாதிருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இடைநிலைக் கல்வியை அளித்தது. மத்திய கல்லூரிகள் நாட்டுப்புறங்களிற் பெருகின. 1959ஆம் ஆண்டில் வித்தியோதய, வித்தியாலங்காரப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. 1960 முதலாகச் சிங்களமும் தமிழும் கலைப்பீடத்திற் போதனாமொழிகளாயின. 1960களின் நடுப்பகுதியிற் பல்கலைக்கழகம் நடத்திவந்த பிரவேசப் பரீட்சையின் இடத்தை அரசாங்கப் பரீட்சைத் திணைக்களத்தின் க. பொ. த. உயர்தரப் பரீட்சை பெற்றது. கலைத்துறையில் மாணவர் தொகை விரைவிற் பெருகிற்று. வைத்தியம், பொறியியல், விஞ்ஞானம் ஆகிய துறைகளில் இடங்கள் அவ்வளவிற் பெருகவில்லை. அத்துறைகளுக்குரிய ஆய்வுகூடங்களும் ஆசிரியரும் எல்லாப் பாடசாலைகளிலும் இருந்திலர். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பழைய கல்லூரிகள் அவ்வசதிகளை நெடுங்காலமாகப் பெற்றிருந்தன. மொனராகலையிலோ மன்னாரிலோ பிறந்த பிள்ளைக்கு அவை கனவாகவே இருந்தன. இக்குறை உண்மையானது, தீர்க்கப்படவேண்டியது. எவ்வாறு தீர்ப்பது என்பதிலேயே இடர்ப்பாடு எழுந்தது.

1971ஆம் ஆண்டு அனுமதியின்போது, பரீட்சை முடிந்து புள்ளிகள் இடப்பட்ட பின்னர், தமிழ்மொழி மூலந் தோற்றியோர்க்கு ஒன்றும் சிங்களமொழி மூலந் தோற்றியோர்க்கு மற்றொன்றுமாக இருவேறு தகுதிப் புள்ளிகள் விதிக்கப்பட்டன. வைத்தியத்திற்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெறுதல் வேண்டியதாயிற்று. பேராதனைப் பொறியியற் பீடத்திற்கு இவை முறையே 250, 227 ஆயின. 240 புள்ளிகள் பெற்ற தமிழ் மாணவன் ஒருவனின் நிலையை எண்ணிப்பார்த்தல் தகும். அவன் எழுதிய வினாத்தாளும், பெற்ற புள்ளியும் மாறவில்லை. அவை அளக்கப்பட்ட கோலே மாறிற்று. மேலும், பரீட்சை மண்டபத்தில் அமர்ந்திருந்தபோது அவன் அதனை அறிந்திலன். தரப்படுத்தல் என்னுஞ் சொல் தமிழ் வீடுகளில் அன்று பெற்ற கசப்பு இன்றும் நீங்கவில்லை.

பின்வந்த ஆண்டுகளில் முறை மீண்டும் மீண்டும் மாறிற்று. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் அதனோடு மாவட்டக் குடித்தொகைக்கேற்ற ஒதுக்கீடும் வந்தன. 1970இல் விஞ்ஞானத் துறைகளுக்கு அனுமதி பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 35 வீதத்தினராயிருந்த தமிழர், 1975இல் ஏறத்தாழ 19 வீதத்தினராகக் குறைந்தனர். ஒரு மாணவன் உயர்தர வகுப்பிற் சேர்ந்தபோது இருந்த விதி, அவன் பரீட்சை எழுதும்போது இருக்கவில்லை. அவன் தம்பி எழுதும்போது மற்றொன்று வந்துவிட்டது. காத்திருத்தல் என்பது தன் தகுதி பற்றிய காத்திருத்தலாக இல்லாது, அமைச்சரவையின் முடிவு பற்றிய காத்திருத்தலாயிற்று.

எனினும், நடுநிலை பிறழாது நோக்குமிடத்து மற்றொரு பக்கமும் உண்டு. மாவட்ட ஒதுக்கீட்டினாற் பயன்பெற்றோர் ஓரினத்தவர் மாத்திரமல்லர். மட்டக்களப்பு, வவுனியா முதலிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவரும், கண்டிப் பகுதியின் பின்தங்கிய கிராமங்களைச் சேர்ந்த சிங்கள மாணவரும் அதனால் முதன்முறையாக அவ்வாயிலை அணுகினர். ஆகவே, மொழிவாரியாகப் புள்ளிகளை வேறுபடுத்தியமையையும், வசதி குன்றிய மாவட்டங்களுக்குக் கைகொடுத்தமையையும் ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. முன்னையது நெடுங்காலம் நிலைக்கவில்லை. பின்னையது திருத்தங்களுடன் நிலைத்தது. 1979ஆம் ஆண்டளவில் 30 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டது. பிற்காலத்திற் பல கற்கைநெறிகளுக்கு இது 40, 55, 5 என மாறிற்று. ஒரு காலத்தில் வசதி மிக்கதெனக் கருதப்பட்ட யாழ்ப்பாண மாவட்டம், போரின் அழிவுகளுக்குப் பின்னர்ப் பின்தங்கிய மாவட்டங்களின் வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றது. வரலாறு எத்துணை விரைவில் நிலைகளை மாற்றுகின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதிப் பொறுப்பை ஏற்றது. 1974இல் யாழ்ப்பாணத்தில் ஒரு வளாகம் தொடங்கப்பெற்று, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆயின் காத்திருத்தல் குறுகவில்லை. 1980களின் இறுதியில் நிகழ்ந்த கலவரங்களாற் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் மூடப்பட்டிருந்தமையின், அனுமதிக் கடிதங் கையிற் கிடைத்தோரும் ஆண்டுக்கணக்கில் வீட்டிலிருக்க நேர்ந்தது.

2001ஆம் ஆண்டு முதலாக இசட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்திற்குத் தோற்றிய அனைவரின் சராசரியைக் கழித்து, வருவதை அப்பாடத்தின் நியம விலகலால் வகுப்பதே இதன் அடிப்படை. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியே மாணவனின் இறுதி நிலையைக் காட்டும். எளிய பாடத்தை எடுத்தோரும் கடிய பாடத்தை எடுத்தோரும் ஒரே தட்டில் நிறுக்கப்படுதற்கு இது வழிசெய்தது. இது மொழியையோ இனத்தையோ நோக்காத கணிதமாயினும், கணிதமும் பிழையாகக் கையாளப்படலாம் என்பதை 2011ஆம் ஆண்டுப் பரீட்சை காட்டிற்று.

அவ்வாண்டிற் பழைய பாடத்திட்டத்தின்படி ஒரு சாராரும் புதிய பாடத்திட்டத்தின்படி மற்றொரு சாராரும் தோற்றினர். இருவேறு வினாத்தாள்களை எழுதிய இருசாராரையும் ஒருங்கு சேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டமையே வழக்கிற்குக் காரணமாயிற்று. 2012ஆம் ஆண்டு யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அக்கணிப்பைச் செல்லாததாக்கி, மீளக் கணிக்குமாறு பணித்தது. புதிய பட்டியல் வந்தபோது முன்னர் மகிழ்ந்தோர் சிலர் கலங்கினர்; கலங்கினோர் சிலர் மகிழ்ந்தனர். ஈற்றில் மேலதிக மாணவர் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 1971இன் மாணவனுக்கும் 2012இன் மாணவனுக்கும் உள்ள வேறுபாடு ஈண்டு நோக்கற்பாலது. இருவருக்கும் அளவுகோல் அசைந்தது. ஆயின் முன்னவனின் குறை தீரவில்லை. பின்னவனோ 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்கீழ் அடிப்படை உரிமை கோரி உயர் நீதிமன்றத்தின் வாயிலைத் தட்ட முடிந்தது. ஓராண்டினுள் பிழை திருத்தப்பட்டது. முன்னவனின் மனக்குறை ஒரு தலைமுறையின் அரசியலை மாற்றிற்று. பின்னவனின் மனக்குறை தீர்ப்பொன்றுடன் அடங்கிற்று.

அண்மைக்காலத்தில் ஆண்டுதோறும் 150,000க்கு மேற்பட்டோர் பல்கலைக்கழகத்திற்குத் தகைமை பெறுகின்றனர். அனுமதி பெறுவோர் ஏறத்தாழ 40,000 முதல் 45,000 வரையினரே. 2022ஆம் ஆண்டிற்குரிய பரீட்சை 2023 தொடக்கத்தில் நடைபெற்று, அதன் பெறுபேறு அவ்வாண்டு செப்தெம்பரிலேயே வெளிவந்தது. பெறுபேற்றின் பின்னர் வெட்டுப்புள்ளிக்காக ஒரு காத்திருத்தல். அதன் பின்னர் வெற்றிடங்கள் நிரப்பப்படுமோ என்று மற்றொரு காத்திருத்தல். தபாற்காரனின் இடத்தைக் கைத்தொலைபேசி பெற்றுள்ளது. தாய்மார் கோயிலில் வைக்கும் நேர்த்தி மாறவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவன இரண்டு. முதலாவது, இடங்கள் அளவுபட்டிருக்கும்வரை சிலர் வெளியே நிற்பது தவிர்க்கவியலாதது. ஆயின் எக்கோலால் அளக்கப்படுவோம் என்பதைப் பரீட்சைக்கு முன்னரே அறிதல் ஒவ்வொரு மாணவனின் உரிமையாகும். அவ்வுரிமை காக்கப்பட்ட காலத்தில் தோற்றவனும் அமைதியுற்றான். அது மீறப்பட்ட காலத்தில் வென்றவனும் முழு மகிழ்ச்சி எய்தவில்லை. இரண்டாவது, வாயிலில் நிறுத்தப்பட்டோர் வரலாற்றினின்று நீங்கிவிடவில்லை. வெளிவாரியாகக் கற்று, கரும்பலகையின் முன் நின்று, பல தலைமுறைகளை உள்ளே அனுப்பினோர் அவர்களே. பெயர்ப்பட்டியலில் இடம்பெற்றோரை வாழ்த்தும் கல்லூரிகள், இடம்பெறாதோரின் கையையும் பற்றி அடுத்த வழியைக் காட்டுமாயின், அதுவே இவ்வரலாற்றைக் கற்றதன் பயனாகும்.