அலியா, ஜோ லூயிஸா? ஹெவிவெயிட் வரிசையும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்

1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கா முழுக்கப் பல தியேட்டர்களில் ஒரு குத்துச்சண்டை திரையிடப்பட்டது. ஒரு பக்கம் முகமது அலி, எதிரே ராக்கி மார்சியானோ. 13வது ரவுண்டில் அலியை மார்சியானோ நாக் அவுட் செய்தார். விஷயம் என்னவென்றால், அப்படி ஒரு சண்டை நடக்கவே இல்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று, தன் 46வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோயிருந்தார்.

இதன் பின்னால் இருந்தவர் மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மரே வொரோனர். 1967ல் அவர் பல காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களை என்சிஆர் 315 என்ற கம்ப்யூட்டரில் மோதவிட்டார். குத்துச்சண்டை நிபுணர்களிடம் ஒவ்வொருவரின் வேகம், குத்தின் பலம், அடி தாங்கும் திறன் பற்றிக் கேட்டு, அதை எண்களாக்கி உள்ளே போட்டார். வந்த முடிவுகளை நேரடி வர்ணனை மாதிரி வானொலியில் ஒலிபரப்பினார். அந்தப் போட்டியில் அலி, ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றார். கோபமான அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் அது சமரசத்தில் முடிந்து, அலியும் மார்சியானோவும் 1969ல் கேமரா முன்னால் ஒத்திகைச் சண்டை போட்டார்கள். பல முடிவுகள் படமாக்கப்பட்டன. அமெரிக்காவில் மார்சியானோ ஜெயித்த முடிவு ஓடியது. ஐரோப்பாவில் காட்டப்பட்டதில் அலி ஜெயித்தார். எங்கே எது விற்குமோ அது!

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். கம்ப்யூட்டர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நிபுணர்களின் அபிப்பிராயத்தை உள்ளே வாங்கி, தீர்ப்பு மாதிரி வெளியே துப்பியது, அவ்வளவுதான். "எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஹெவிவெயிட்" பட்டியல்கள் பெரும்பாலும் இதையேதான் கம்ப்யூட்டர் இல்லாமல் செய்கின்றன.

முதல் சிக்கல், இங்கே வரிசைப்படுத்தலின் அடிப்படை விதியே உடைகிறது. அ, ஆ-வைவிடப் பெரியவர். ஆ, இ-யைவிடப் பெரியவர். அப்படியென்றால் அ, இ-யைவிடப் பெரியவராக இருக்க வேண்டும், இல்லையா? 1971ல் ஜோ ஃப்ரேசியர் அலியைத் தோற்கடித்தார். 1973ல் ஜார்ஜ் ஃபோர்மன் கிங்ஸ்டனில் ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு தடவை கீழே தள்ளி ஜெயித்தார். அதே ஃபோர்மனை 1974ல் கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் அலி வீழ்த்தினார். சுத்தமான வட்டம். ஒருவரின் பாணி இன்னொருவருக்கு எமனாக அமைவதுதான் இந்த விளையாட்டு. அதனால் "இவருக்கும் அவருக்கும் சண்டை நடந்திருந்தால்" என்ற கேள்வியை வைத்து வரிசை போடவே முடியாது.

இரண்டாவது, உடம்பும் விதிகளும். இன்று 90.7 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் ஹெவிவெயிட். மார்சியானோ சுமார் 84 கிலோ, 1919ல் சாம்பியனான ஜாக் டெம்ப்ஸி சுமார் 85 கிலோ. இன்றைய கணக்கில் இருவரும் க்ரூஸர்வெயிட் ஆட்கள். அதற்காக எடைதான் எல்லாம் என்றும் சொல்ல முடியாது. 111 கிலோ ஜெஸ் வில்லார்டை டெம்ப்ஸி முதல் ரவுண்டிலேயே ஏழு தடவை விழவைத்தார். ஆனால் அன்று, விழுந்தவர் எழும்வரை மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தலைக்கு மேலேயே நின்று, எழுந்ததும் அடிக்கலாம். அப்புறம் 15 ரவுண்டாக இருந்த பட்டச் சண்டை 1980களில் 12 ஆனது. 13வது ரவுண்டு என்பதே இப்போது கிடையாது. 1952ல் மூன்று நடுவர் அட்டைகளிலும் பின்தங்கியிருந்த மார்சியானோ, 38 வயது ஜெர்சி ஜோ வால்காட்டை வீழ்த்திப் பட்டம் வென்றது அந்த 13வது ரவுண்டில்தான். இன்றைய விதியில் அவர் அன்று தோற்றிருப்பார்.

மூன்றாவது சிக்கல்தான் என்னை உறுத்துவது. யாரை ரிங்குக்குள் விடவே இல்லை?

கம்ப்யூட்டரில் அலியை ஜெயித்த ஜெஃப்ரிஸ், நிஜத்தில் சாம்பியனாக இருந்தபோது கறுப்பர்களுடன் உலகப் பட்டத்துக்காக மோத மறுத்தவர். ஜாக் ஜான்சனைச் சந்திக்காமலேயே 1905ல் ஓய்வு பெற்றார். ஜான்சன் 1908ல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று முதல் கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியன் ஆனதும், "வெள்ளை இனத்தின் மானத்தைக் காப்பாற்ற" ஜெஃப்ரிஸைத் திரும்ப அழைத்து வந்தார்கள். 1910 ஜூலை 4, ரீனோவில் 15வது ரவுண்டில் ஜான்சன் அவரை முடித்துவைத்தார். அன்றிரவு பல அமெரிக்க நகரங்களில் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின.

ஜான்சன் 1915ல் பட்டத்தை இழந்த பிறகு, 1937 வரை 22 வருடம் எந்தக் கறுப்பு வீரருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத வாய்ப்பு தரப்படவில்லை. இதில் நசுங்கிப்போனவர் ஹாரி வில்ஸ். டெம்ப்ஸி ஏழு வருடம் சாம்பியனாக இருந்தும் அவருடன் மோதவில்லை. இன்னொருவர் கனடாவில் பிறந்த சாம் லாங்ஃபோர்ட். ஐந்தே முக்கால் அடிகூட இல்லாத உயரத்தில், தன்னைவிடப் பெரிய ஆட்களை வீழ்த்தியவர். சாம்பியனான பின் ஜான்சனே அவருக்கு வாய்ப்புத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே கதவு அடைத்திருந்ததால் லாங்ஃபோர்டும் வில்ஸும் தங்களுக்குள்ளேயே பதினைந்து தடவைக்கு மேல் மோதிக்கொண்டார்கள். லாங்ஃபோர்ட் கடைசியில் பார்வை இழந்து வறுமையில் வாழ்ந்தார்.

இப்போது யோசியுங்கள். "எத்தனை தடவை பட்டத்தைக் காப்பாற்றினார்" என்பதை முக்கிய அளவுகோலாக வைத்தால், லாங்ஃபோர்டுக்குப் பூஜ்யம். திறமையைத்தான் அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் காலத்து நிறவெறியை நம் பட்டியலில் இன்னொரு தடவை பதிவு செய்கிறோம். டேட்டாவில் காலியாக இருக்கும் கட்டத்தைப் பூஜ்யம் என்று படிப்பது எந்தத் துறையிலும் ஆபத்து. இங்கே அது அநியாயமும்கூட.

அதனால் நான் மூன்று கேள்விகள் மட்டும் கேட்கிறேன். தன் காலத்தின் சிறந்தவர்களை, அவர்கள் நல்ல நிலையில் இருக்கும்போது ஜெயித்தாரா? எவ்வளவு காலம் உச்சியில் நின்றார்? யாரைத் தவிர்த்தார்?

என் வரிசை: 1. முகமது அலி 2. ஜோ லூயிஸ் 3. ஜாக் ஜான்சன் 4. லாரி ஹோம்ஸ் 5. லெனாக்ஸ் லூயிஸ்.

ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை சாம்பியன், 25 தடவை பட்டத்தைத் தக்கவைத்தவர். காலக்கணக்கில் அவர்தான் முதலிடம். ஆனால் லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மன், நார்டன் என்று அலி ஜெயித்த ஆட்களின் தரம் லூயிஸுக்கு வாய்க்கவில்லை. அதுவும் லிஸ்டனைத் தவிர மற்ற மூவரையும் வென்றது, வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 25 முதல் 28 வயது வரை ரிங்கில் ஏறவே முடியாமல், திரும்பி வந்து செய்தது. லெனாக்ஸ் லூயிஸ் தன்னை வென்ற இரண்டு பேரையும் மறுபடி மோதி வென்றவர்.

"மார்சியானோ 49-0 ஆச்சே?" என்பீர்கள். பெரிய சாதனைதான். ஆனால் அந்தப் பட்டியலின் பெரிய பெயர்களைப் பாருங்கள்: வால்காட்டுக்கு 38, ஜோ லூயிஸுக்கு 37. என் வரிசையில் அவர் ஆறு. டைசன் 20 வயதில் சாம்பியன் ஆனவர், இரண்டு மூன்று வருடம் அவரைப் போல யாரும் இல்லை. ஆனால் டக்ளஸ், ஹோலிஃபீல்ட், லெனாக்ஸ் லூயிஸ் மூவரிடமும் தோற்றார், ஒருவரைக்கூடத் திரும்ப வெல்லவில்லை. 2024ல் தன்னைவிடப் பதினேழு கிலோ அதிகமான டைசன் ஃப்யூரியை வென்ற உஸிக்கை இந்த வரிசையில் எங்காவது நுழைக்க வேண்டியிருக்கும். எங்கே என்று பிறகு எழுதுகிறேன்.

லாங்ஃபோர்டுக்கு நான் எண் கொடுக்கவில்லை. பட்டியலுக்கு மேலே, தனி வரியில் அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டுத்தான் கீழே இருக்கும் ஐந்து பேருக்கு வர வேண்டும்.