ஆறு கம்பி, ஐந்து இடைவெளி



ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு ஷூ அளவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்து ஆர்டர் என்றால் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் நீள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். பிரான்ஸ், ஜெர்மனி ஆர்டர் என்றால் ‘பாரிஸ் பாயிண்ட்’. அது சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, 6.67 மில்லிமீட்டர். இரண்டும் சரியான அளவுதான். ஆனால் ஒன்றின் லாஸ்டில் மற்றொன்றின் மேல்தோலை இழுத்தால் பொருந்தாது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் மீட்டர், சென்டிமீட்டர் என்று படித்துவிட்டு, வேலைக்கு வந்த இடத்தில் அடி, அங்குலக் கணக்கில் இருந்த பழைய கோப்புகளைப் புரட்டியவன் நான். இரண்டு அளவுகள் மோதும் கதை எங்கே கிடைத்தாலும் விடமாட்டேன். அப்படி ஒன்று எலெக்ட்ரிக் கிட்டாரிலும் இருக்கிறது.

எங்கள் தெருவில் கல்யாண மெல்லிசைக் கச்சேரிகளில் கிட்டார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். புது பிக்கப் வாங்கப் போனவரிடம் கடையில், “ஐம்பதா, ஐம்பத்திரண்டரையா?” என்று கேட்டார்களாம். “என்ன தாத்தா, பேண்ட் சைஸ் மாதிரி கேக்கறாங்க?” என்று என்னிடம் வந்தார். அதன் விலை அவருக்கு நாலைந்து கச்சேரிச் சம்பளம். கழற்றி மாட்டிய பிறகு திருப்பித் தரவும் முடியாது. ஆகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

முதலில் பிக்கப் என்பது மைக் அல்ல. மைக் காற்றின் அசைவைக் கேட்கும். பிக்கப் காற்றைக் கேட்பதே இல்லை. காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று, அவ்வளவுதான். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலமும் அதோடு அசைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. இந்த விதியை ஃபாரடே கண்டது 1831-இல். சரியாக நூறு வருஷம் கழித்து, 1931-இல், அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சாம் என்ற கிட்டார் வித்வான் இதை வைத்து ஒரு கிட்டார் செய்தார். பார்க்க அடை சுடும் கல் மாதிரி இருந்ததால் அதற்கு ‘ஃப்ரையிங் பேன்’ என்றே பெயர். ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1932-இல் விற்பனைக்கு விட்டார்.

1936-இல் கிப்சன் கம்பெனி வெளியிட்ட இ.எஸ்.150 கிட்டாரில் எல்லாக் கம்பிகளுக்கும் அடியில் ஒரே நீளமான இரும்புப் பட்டை இருந்தது. பட்டை என்பதால் இடைவெளி என்ற பேச்சே இல்லை. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனிக் குமிழ் வைத்தார்கள். அங்கேதான் கணக்கு ஆரம்பித்தது.

லியோ ஃபெண்டர் 1954-இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில், முதல் குமிழின் நடுவிலிருந்து ஆறாவது குமிழின் நடு வரை ஏறக்குறைய 52 மில்லிமீட்டர். கிப்சனில் சேத் லவர் கண்டுபிடித்து 1957 முதல் கிட்டார்களில் வந்த, இரைச்சலை அடக்கும் ‘ஹம்பக்கர்’ பிக்கப்பில் அது ஏறக்குறைய 50. இரண்டு கம்பெனி, இரண்டு அளவு. அவரவர் கிட்டாரில் அவரவர் பிக்கப் இருந்தவரை யாருக்கும் தொல்லையில்லை.

1970-களின் கடைசியில் எட்டி வான் ஹாலன் என்ற இளைஞர், ஃபெண்டர் மாதிரி உடம்பில் கிப்சன் பிக்கப்பை வைத்தார். குமிழ்கள் கம்பிகளுக்கு நேராக வரவில்லை. பிக்கப்பைச் சாய்த்து வைத்துச் சரிக்கட்டினார். அப்புறம் கம்பெனிகளே அகலமான ஹம்பக்கர் செய்ய ஆரம்பித்தன. டிமார்சியோ கம்பெனி அதற்கு ‘எஃப் ஸ்பேஸ்டு’ என்று பெயர் வைத்தது. கடைக்காரர் கேட்ட கேள்விக்கு மூலம் இதுதான்.

ஆறு கம்பி என்றால் ஐந்து இடைவெளி. 50-ஐ ஐந்தால் வகுத்தால் 10, 52.5-ஐ வகுத்தால் 10.5. அரை மில்லிமீட்டருக்கா இத்தனை சண்டை என்று தோன்றும். ஆனால் மொத்த வித்தியாசம் இரண்டரை. அது இரண்டு ஓரத்துக்கும் பிரிந்து, முதல் கம்பியும் ஆறாவது கம்பியும் தத்தம் குமிழைவிட்டு 1.25 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். கம்பி சும்மா நேராக அதிரும்போது இது காதுக்குப் பெரிதாகத் தெரியாது. பிக்கப்பின் உயரத்தைச் சரியாக வைப்பது இதைவிட முக்கியம்.

அளப்பது சுலபம். கம்பிகள் தலைப்பக்கம் நெருங்கியும் பிரிட்ஜ் பக்கம் விரிந்தும் போகின்றன. ஆகவே பிரிட்ஜில் அளக்கக்கூடாது. பிக்கப் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, முதல் கம்பியின் நடுவிலிருந்து ஆறாவது கம்பியின் நடு வரை ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். ஒரே கிட்டாரில் பிரிட்ஜ் பக்கத்துக்கு 52.5-உம் கழுத்துப் பக்கத்துக்கு 50-உம் பொருந்துவது உண்டு. அந்த இளைஞரிடம், அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போகச் சொன்னேன்.

ஆனால் இந்த அளவெல்லாம் நேராக நிற்கும் கம்பிக்குச் சொன்னது. நம் சங்கீதத்தில் கம்பி எங்கே நேராக நிற்கிறது? கமகம் என்றாலே கம்பியைப் பக்கவாட்டில் இழுப்பதும் விரலைச் சறுக்குவதும்தானே!

வீணையில் இன்னொரு சிக்கல். பழைய வழக்கப்படி சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரமும் அனுமந்தரமும் பித்தளை. பித்தளையைக் காந்தம் கண்டுகொள்ளாது. கிட்டார் பிக்கப்பை அப்படியே வைத்தால் பாதி வீணை ஊமை. வீணையில் ஒட்டவைக்கும் காண்டாக்ட் மைக்கைப் பலர் நாடியதற்கு இது ஒரு காரணம். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பி இருந்த வாத்தியத்தை ஐந்து ஒற்றைக் கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினாக ஆக்கிக்கொண்டார். ஐந்து கம்பிக்கு நான்கு இடைவெளி. ஆறு குமிழ் கிட்டார் பிக்கப் அங்கே எப்படிப் பொருந்தும்?

நம் ராணிப்பேட்டையில் வளர்ந்த கிட்டார் பிரசன்னாவை நினைத்துப் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு, பிறகு அமெரிக்காவில் பெர்க்லி இசைக் கல்லூரி. ஆஸ்கர் பெற்ற ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படத்துக்கு இசை. கர்நாடக ராகங்களைக் கட்டைகள் உள்ள சாதாரண கிட்டாரிலேயே வாசிப்பவர்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பன்னிரண்டாவது கட்டை கம்பியின் சரிபாதி. அங்கே முதல் கம்பியை 10 மில்லிமீட்டர் இழுத்தால், பிரிட்ஜிலிருந்து கால் பங்கு தூரத்தில் இருக்கும் கழுத்துப் பக்கப் பிக்கப்பின் மேல் அது 5 மில்லிமீட்டர் நகரும். இரண்டு குமிழுக்கும் நட்டநடுவே! அங்கே காந்தப்புலம் கொஞ்சம் மெலிந்திருக்கும். பிக்கப் ஏற்கெனவே அகலமாக இருந்தால் 1.25-உம் சேர்ந்துகொள்ளும். பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பின் மேல் நகர்வு மிகக் குறைவு.

ஆகவே கமகம் வாசிக்கும் பிள்ளைகள் கழுத்துப் பக்க அளவில்தான் அதிகக் கவனம் வைக்க வேண்டும். குமிழே இல்லாத பட்டை பிக்கப்பும் இன்று கிடைக்கிறது. அதில் கம்பி எங்கே நகர்ந்தாலும் அடியில் இரும்பு இருக்கும். 1936-இல் வந்த பழைய யோசனைதான், ஆனால் நம் கமகத்துக்கு அதுவே நன்றாகப் பொருந்துகிறது.

உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் கிட்டார் வாசிப்பவர்களானால், கடைக்கு அனுப்பும் முன் ஒரு ஸ்கேலைக் கையில் கொடுங்கள்.