பாரியா ஒருத்தியின் யாத்திரைகள்

ஆங்கில அகராதியைப் புரட்டுவோர் அதிலே ‘பரையா’ என்றொரு சொல்லைக் காண்பர். பறையர் என்னும் தமிழ்ச் சொல்லே போர்த்துகீசியர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, ஆங்கிலத்தில் ‘பரையா’ என்றும் பிரெஞ்சில் ‘பாரியா’ என்றும் ஆயிற்று. கடல் கடந்த அச்சொல், சமூகம் ஒதுக்கித் தள்ளிய எவர்க்கும் பொதுப்பெயராகிவிட்டது. அப்பெயரை ஒரு பிரெஞ்சு மாது தாமே எடுத்துத் தம் நூலின் முகப்பிற் பொறித்துக்கொண்டார். அவரே புளோரா திரிஸ்தான் அம்மையார். ‘பாரியா ஒருத்தியின் யாத்திரைகள்’ என்னும் அவரது பிரயாண சரிதை 1838-ல் பாரிஸில் வெளிவந்தது.

அம்மையார் 1803-ல் பாரிஸில் பிறந்தார். தந்தை பெரு நாட்டுச் செல்வக்குடியினர். தாய் பிரெஞ்சு மாது. சமயச் சடங்காக மட்டும் நடந்த அவர்களது விவாகத்தைப் பிரெஞ்சுச் சட்டம் ஏற்கவில்லை. 1807-ல் தந்தை இறந்ததும், மகள் முறைதவறிப் பிறந்தவளென்று சொத்திழந்து வறுமையுற்றாள். பதினேழாம் வயதில், தாம் வேலை செய்த அச்சுச்சித்திரப் பட்டறையின் சொந்தக்காரன் ஷசாலுக்கே வாழ்க்கைப்பட்டார். கொடுமை தாளாது 1825-ல் அவனை விட்டு வெளியேறினார். ஆனால், புரட்சிக் காலத்தில் 1792-ல் வந்த விவாகரத்துச் சட்டம் 1816-லேயே நீக்கப்பட்டிருந்தது. கணவனோடு வாழவும் இயலாது, அவனிடமிருந்து விடுதலை பெறவும் வழியில்லாது நின்ற பெண்ணுக்குச் சமூகத்தில் இடமேது?

1833 ஏப்ரல் 7-ந் தேதி, தமது முப்பதாவது பிறந்தநாளன்று, போர்தோ துறைமுகத்திற் கப்பலேறினார். தாம் மணமானவர் என்பதை மறைத்தே பிரயாணம் செய்தார். நான்கு மாதங்களுக்கு மேல் கடலிற் கழித்துத் தென்னமெரிக்கா சேர்ந்து, பெருவின் அரெகிப்பா நகரில் சிறிய தந்தை பியோவிடம் தந்தைவழிப் பங்கைக் கேட்டார். அவரோ பங்கை மறுத்து, உதவித்தொகை ஒன்று மட்டும் தர இசைந்தார்.

சொத்துத் தேடிப் போனவர் பிறர் துயரைக் கண்டு திரும்பினார். உள்நாட்டுப் போரில் சேனைக்கு முன்னும் பின்னும் நடந்து, சோறாக்கிச் சுமை தூக்கிய செவ்விந்தியப் பெண்களைக் கண்டு எழுதினார். லீமா நகருக்கருகே ஒரு கரும்புத் தோட்டத்தில், தனியறையிலே பூட்டப்பட்டிருந்த ஆப்பிரிக்க அடிமைத் தாய்மார் இருவரைப் பார்த்தார். பாலூட்டாது தம் குழந்தைகளைச் சாகவிட்டனர் என்பது அவர்கள்மீது சாட்டிய குற்றம். அடிமைமுறை தகாதென்று அத்தோட்ட முதலாளியிடமே வாதாடினார். தோட்டக் கிராணியாகிய எனக்கு அப்பக்கத்தைக் கடந்து செல்ல வெகுநேரம் ஆயிற்று.

உண்மையை எழுதுவோர் ஆட்களின் பெயரை மறைக்கலாகாது என்பது அம்மையாரின் கொள்கை. அதற்கு விலையும் கொடுத்தார். பெருவில் அந்நூல் கொளுத்தப்பட்டது. சிறிய தந்தை உதவித்தொகையை நிறுத்தினார். அவ்வாண்டு செப்டம்பரில் ஷசால் பாரிஸ் வீதியில் அவரைத் துப்பாக்கியாற் சுட்டான். குண்டு உடலிலேயே தங்கிவிட்டது. அவன்மீது வழக்கு விசாரணை நடைபெறுமுன்னரே, டிசம்பரில், மரண தண்டனையை ஒழிக்கவேண்டுமென்று சட்டசபைக்கு விண்ணப்பம் விடுத்தார் அம்மையார்! ஷசாலுக்கு இருபதாண்டுக் கடுங்காவல் கிடைத்தது.

1843-ல் ‘தொழிலாளர் ஐக்கியம்’ என்னும் நூலை எழுதினார். ஒவ்வொரு தொழிலாளியும் ஆண்டுக்கு இரண்டு பிராங்கு கொடுத்தால், பிள்ளைகளின் படிப்புக்கும் முதியோரின் பராமரிப்புக்கும் மாளிகைகள் எழுப்பலாம் என்றார். பெண்ணுரிமையின்றித் தொழிலாளிக்கு விடுதலையில்லை என்றும் வற்புறுத்தினார். மறு ஆண்டு அச்செய்தியை ஊர் ஊராகச் சென்று பரப்பினார். 1844 நவம்பர் 14-ந் தேதி, முன்பு கப்பலேறிய அதே போர்தோ நகரில் காய்ச்சலால் உயிர் நீத்தார். வயது நாற்பத்தொன்று. 1848-ல் தொழிலாளரே பணம் திரட்டி அவருக்குக் கல்லறைச் சின்னம் எழுப்பினர். விவாகரத்துச் சட்டம் பிரான்சுக்குத் திரும்பியது 1884-ல்தான்.

நேயர்களே, ஒன்றை மறத்தலாகாது. அம்மையார் அப்பெயரைத் தாமே தேர்ந்துகொண்டார். அதனைப் பிறப்போடு சுமந்த நம்மவர்க்கு அவ்வுரிமை இருந்ததில்லை. ஆயினும், அச்சொல்லின்கீழ் நின்று அவர் பேசியபொழுது, வெட்கப்பட வேண்டியவர் ஒதுக்கப்பட்டவரா, ஒதுக்கியவரா என்ற கேள்வி எழுந்தது. அக்கேள்விக்கு நாமும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்களே.